வீட்டின் கழிவுநீர்க் குழாயில் கோளாறு எங்கே? தரையை உடைக்கும் முன் கண்டறிவதற்கான முழுமையான வழிகாட்டி

கழிவறையில் தண்ணீர் இறங்க மறுத்தவுடன் பிளம்பரை அழைப்பதும், அவர் கண்ணில் பட்ட துளையில் கம்பியை விடுவதும், அதில் சரியாகாவிட்டால் டைல்ஸை உடைப்பதும்தான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. குளியலறைத் தரையை 2 அடி அகலத்துக்கு உடைத்த பிறகே, அடைப்பு அங்கிருந்து 25 அடி தள்ளி, மதிற்சுவர் ஓரத்தில் குழாய்க்குள் புகுந்திருந்த வேப்பமர வேரில் இருந்தது தெரிந்தது. கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டியான சேம்பரின் மூடியை முதலில் திறந்து பார்த்திருந்தால் அரைமணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு உறவினர், அக்கம்பக்கத்தார் என ஏழெட்டு வீடுகளில் இந்தச் சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டேன். எல்லோரும் தவறியது செய்முறையில் அல்ல, வரிசையில்.

சென்னையிலும் அதன் புறநகரிலும், தெருவின் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்பட்ட தனி வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில், ‘தெரு’ என்று வரும் இடங்களில் ‘டேங்க்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பகுதி பொருந்தும்.

1. குழாய் போகும் வழியை முதலில் வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் வீட்டின் தரைப்படத்தைக் கோடுகளாகப் போட்டு, கழிவறை, குளியலறை, வாஷ்பேசின், சமையலறை சிங்க், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைக் குறியுங்கள். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் சதுர மூடிகள் வரிசையாகத் தெரியும், அவற்றின் அடியில் இருப்பவைதான் சேம்பர்கள். தெருவுக்கு மிக அருகில் உள்ளதற்கு 1 என்றும், உள்நோக்கிச் செல்லச் செல்ல 2, 3 என்றும் எண் கொடுத்து, மூடியின் மீதே சாக்கட்டியால் எழுதிவிடுங்கள்.

பொதுவான அமைப்பு இதுதான்: கழிவறையிலிருந்து 4 அங்குலக் குழாய் நேராகச் சேம்பருக்குப் போகும். குளியலறை, சிங்க் ஆகியவற்றின் நீர் 3 அங்குல அல்லது அதைவிடச் சிறிய குழாய் வழியாக, சுவரோரம் சிறு சல்லடை மூடியோடு இருக்கும் கல்லி டிராப் என்ற குழியில் விழுந்து, அங்கிருந்து சேம்பரைச் சேரும். கடைசிச் சேம்பரிலிருந்து பெரும்பாலும் 6 அங்குலக் குழாய் தெருவுக்குப் போகிறது. கழிவறை நீரும் குளியலறை நீரும் எந்தச் சேம்பரில் ஒன்று சேர்கின்றன என்பது தெரியாமல், பின்னால் சொல்லப்போகும் அறிகுறிகள் எதையும் படிக்க முடியாது. ஆகவேதான் இது முதல் படி.

சேம்பரே காணவில்லை என்றால், சந்துக்கு டைல்ஸ் ஒட்டியபோது அதை மூடியிருப்பார்கள். தட்டிப் பார்த்தால் வெற்றொலி கேட்கும் இடம் அதுவாக இருக்கலாம். அந்த ஒரு டைலைப் பெயர்ப்பது வீண்செலவு அல்ல.

2. கையில் இருக்க வேண்டியவை

மூடியை நெம்ப ஒரு சிறு கடப்பாரை, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, டார்ச், 10 லிட்டர் வாளிகள் இரண்டு, சாக்கட்டி, கேசரிக்குப் போடும் நிறப்பொடியில் சிவப்பும் பச்சையும், குறித்துக்கொள்ளத் தாளும் பேனாவும் போதும். இவை எல்லாவற்றையும்விட, இன்னொரு ஆள் வேண்டும். உள்ளே தண்ணீர் ஊற்றுபவரே வெளியே ஓடிவந்து சேம்பரைப் பார்க்க முடியாது. அதற்குள் நீர் போயிருக்கும்.

காலை நேரப் புழக்கம் முடிந்து, அரைமணி நேரம் யாரும் தண்ணீர் விடாமல் இருந்த பிறகு தொடங்குங்கள். மேல்மாடியில் குடித்தனம் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சேம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாடியில் ஒருவர் குளித்தால், அடைபட்ட குழாயும் நன்றாக ஓடுவதுபோலத் தோன்றும்.

3. ஓரிடமா, பல இடமா?

முதல் கேள்வி இது ஒன்றுதான். ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே ஒரு வாளி நீரை ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சிங்க்கில் மட்டும் தேங்கினால், கோளாறு சிங்க்கின் அடியில் உள்ள வளைவிலோ அதன் சிறுகுழாயிலோதான் இருக்கும்; எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து இறுகியிருக்கும். குளியலறையில் மட்டும் தேங்கினால், தரையில் நீர் வடியும் துளையான நஹானி டிராப்பின் சல்லடையைக் கழற்றி, அதன் கிண்ணத்தைத் தூக்கிப் பாருங்கள்; தலைமுடியும் சோப்பும் உருண்டையாக வரும். இவற்றைக் கையாலேயே எடுத்துவிடலாம்.

இரண்டு மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் நீர் மெதுவாக இறங்கினால், அவை ஒன்றுசேரும் இடத்துக்குக் கீழேதான் கோளாறு. இதற்கு இன்னொரு சான்று, நீர் எதிர்ப்பக்கமாக மேலேறுவது. துணி துவைக்கும் இயந்திரம் நீரை வெளியேற்றும்போது குளியலறைத் தரையில் சோப்பு நுரை எழும்பினால், இரண்டும் சேரும் குழாய் அடைபட்டிருக்கிறது. அடைபட்ட குழாயில் நீர் வீட்டின் மிகத் தாழ்வான துளை வழியாகத்தான் முதலில் வெளிவரும். எனவே தரைத்தளக் குளியலறையில் நீர் பொங்குவதைக் கண்டு அந்தக் குளியலறைமேல் பழி போடக் கூடாது. எங்கள் வீட்டில் டைல்ஸ் உடைந்தது இந்தத் தவறால்தான்.

4. ஒலியைக் கேளுங்கள்

கழிவறையில் ஃப்ளஷ் செய்துவிட்டு, அருகிலுள்ள நஹானி டிராப்பின் பக்கம் குனிந்து காது கொடுங்கள். ‘களக், களக்’ என்று காற்று குமிழியிடும் ஓசை வந்தால், குழாய்க்குள் காற்று போக வழியில்லை என்று பொருள்.

ஒவ்வொரு டிராப்பிலும் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கும். குழாய்க்குள் இருக்கும் வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த நீர்தான். கழிவறை நீர் மொத்தமாக இறங்கும்போது அதன் பின்னால் காற்று வர வேண்டும். மொட்டைமாடி வரை செல்லும் வென்ட் குழாய் அதற்காகவே வைக்கப்படுகிறது. அது மூடியிருந்தால், குழாய் தனக்கு வேண்டிய காற்றை டிராப்பின் வழியே உறிஞ்சும். நிற்கும் நீரும் அதோடு போய்விடும்.

ஆகவே ஓசை வந்தால் மாடிக்குப் போய் வென்ட் குழாயின் தலையைப் பாருங்கள். மைனா கூடு கட்டியிருக்கலாம். மாடியில் புதிதாக அறை எழுப்பியபோது குழாயை அறுத்து மூடியே போட்டிருக்கலாம். இந்தக் காரணத்தை மட்டும் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். வென்ட் திறந்திருந்தும் ஓசை வந்தால், கீழே பகுதி அடைப்பு இருக்கிறது. முழு அடைப்புக்குப் பல வாரங்கள் முன்பாகவே கிடைக்கும் எச்சரிக்கை இது. பெரும்பாலோர் கேட்டும் கேளாததுபோல விட்டுவிடுகிறார்கள்.

5. வாடையைத் தேடும் வரிசை

அழுகிய முட்டை வாடை வந்தால் உடனே குழாய் உடைந்துவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். மலிவான காரணத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் யாரும் பயன்படுத்தாத விருந்தினர் குளியலறை, மூலையில் உள்ள தரைத்துளை ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு நீர் ஊற்றி, ஒரு நாள் காத்திருங்கள். சென்னையின் மே மாத வெயிலில், ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் டிராப்பில் நிற்கும் நீர் வற்றிவிடும். நீர் ஊற்றிய பிறகு வாடை நின்றால் வேலை முடிந்தது.

நிற்காவிட்டால் அடுத்து நஹானி டிராப்பின் கிண்ணம். நீர் வேகமாக இறங்கட்டும் என்று துப்புரவின்போது அதை எடுத்துப் போட்டுவிடுவது பரவலான பழக்கம். கிண்ணம் இல்லாத டிராப் வெறும் ஓட்டைதான்; வாடையோடு கரப்பான்பூச்சியும் அந்த வழியே ஏறி வரும். மூன்றாவதாக, கழிவறைப் பீங்கானின் அடிப்பகுதியையும் தரையையும் இணைக்கும் சிமெண்டு விளிம்பில் விரிசல் உள்ளதா என்று பாருங்கள். இவை அனைத்தும் சரியாக இருந்து, வாடை மட்டும் தொடர்ந்தால்தான் தரைக்கடியில் உள்ள குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

6. சேம்பரைத் திறந்து படிப்பது

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்து, கால்மணி நேரம் காற்றாட விட்டுத் தள்ளி நில்லுங்கள். தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் அருகில் வரக் கூடாது. உள்ளே சேரும் மீத்தேன் தீப்பிடிக்கக் கூடியது. குனிந்து தலையை உள்ளே நீட்டாதீர்கள். அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் செறிவு கூடும்போது மூக்கு அந்த வாடையை உணரும் திறனை இழந்துவிடும். வாடை குறைந்துவிட்டது என்பதை ஆபத்து குறைந்ததற்கான அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

திறக்க வேண்டிய வரிசை: தெருவோர 1ஆம் எண்ணிலிருந்து உள்நோக்கி. பலரும் கழிவறைக்குப் பக்கத்தில் உள்ளதையே முதலில் திறப்பார்கள். அது நிரம்பியிருக்கும், ஆனால் அடைப்பு அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லாது.

1ஆம் சேம்பர் நிரம்பி நின்றால், அடைப்பு உங்கள் வீட்டுக்கு வெளியே, அதாவது அந்தச் சேம்பரிலிருந்து தெருவுக்குப் போகும் இணைப்பிலோ, தெருவின் பெருங்குழாயிலோ இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் இதே நிலையா என்று கேளுங்கள். அங்கும் அப்படியென்றால் தெருக்குழாய். உங்களுக்கு மட்டுமென்றால் இணைப்புக் குழாய்.

1ஆம் சேம்பர் காலியாக இருந்து 2ஆம் சேம்பர் நிரம்பியிருந்தால், கோளாறு இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட குழாயில்தான். 2ம் காலியாக இருந்து 3 மட்டும் நிரம்பியிருந்தால், 2க்கும் 3க்கும் நடுவில். எல்லாமே காலியாக இருந்து கழிவறை மட்டும் இறங்காவிட்டால், பீங்கானின் வளைவுக்கும் கடைசி உட்சேம்பருக்கும் இடையில். தரையை உடைக்காமல், கருவி எதுவும் இல்லாமல், அடைப்பு இருக்கும் இடத்தை இவ்வாறு குழாயின் ஒரே துண்டுக்குள் சுருக்கிவிடலாம்.

நீர் ஓடிக்கொண்டிருந்தாலும் சேம்பரின் சுவரைப் பாருங்கள். குழாய் வாயிலிருந்து ஒரு சாண் மேலே, சுவரைச் சுற்றிக் கறுப்பும் வெளுப்பும் கலந்த பிசுக்குக் கோடு இருந்தால், அண்மையில் ஒருமுறை நீர் அதுவரை ஏறித் தேங்கி, பிறகு தானாகவே வடிந்திருக்கிறது. இன்று ஓடுகிறது என்பதால் குழாய் நலம் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் 1ஆம் சேம்பரில் வரும் குழாயின் வாயில் டார்ச் அடித்தபோது, தேங்காய் நாரைப் பிரித்துத் தொங்கவிட்டதுபோலப் பழுப்பு நிறத்தில் மெல்லிய இழைகள் நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தன. முதலில் நார் என்றே நினைத்தேன். கையுறையோடு இழுத்தபோது வரவில்லை, உயிருள்ள வேர். பழைய வீடுகளில் ஸ்டோன்வேர் எனப்படும் மண்குழாய்களின் இணைப்பில் சிமெண்டு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சின் மயிரிழை விரிசல் வழியே வேர் புகுந்து, உள்ளே ஈரமும் ஊட்டமும் கிடைப்பதால் கொத்தாகப் பெருகும். வேரை வெட்டினால் மறுபடி வளரும். அந்த இணைப்பைத் தோண்டி மாற்றுவதே தீர்வு.

7. நிறநீர்ச் சோதனை

அடைப்பு இல்லை, ஆனால் நீர் மெதுவாகப் போகிறது, அல்லது எங்கோ கசிகிறது என்ற ஐயம் இருக்கும்போது இதைச் செய்யுங்கள். ஒரு வாளி நீரில் சிவப்பு நிறப்பொடியைத் தாராளமாகக் கரைத்துக் கழிவறையில் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் அருகிலுள்ள சேம்பரில் நில்லுங்கள். முப்பதடிக்குள் உள்ள குழாயில் அரை நிமிடத்துக்குள் நிறம் தெரிய வேண்டும். குளியலறைக்குப் பச்சை நிறம் வைத்துக்கொண்டால் இரண்டும் எங்கே சேர்கின்றன என்பதும் உறுதியாகும்.

நிறம் வெகுநேரம் கழித்து, வெளிறி வந்தால், குழாயின் நடுவில் நீர் தேங்கும் பள்ளம் இருக்கிறது. அதாவது மண் இறங்கியோ, பதிக்கும்போதே சாய்வு தவறியோ இருக்கிறது. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி, 6 அங்குலத்துக்கு 60 அடிக்கு ஓரடி என்பது கொத்தனார்கள் கைக்கொள்ளும் கணக்கு. இரண்டு சேம்பர்களிலும் குழாயின் அடிமட்டத்தை டியூப் லெவல் (மட்டம் பார்க்க நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்து ஒப்பிட்டால், 10 அடித் தொலைவுக்கு 4 அங்குலக் குழாயில் 3 அங்குலமும் 6 அங்குலக் குழாயில் 2 அங்குலமும் இறக்கம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஊற்றிய நிறம் சேம்பருக்கு வரவே இல்லையென்றால், அல்லது மிகச் சிறிதளவே வந்தால், குழாய் உடைந்து நீர் மண்ணுக்குள் போகிறது. வாளியை இன்னொருமுறை ஊற்றி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

8. சுவர் ஈரம்: குடிநீர்க் குழாயா, கழிவுநீர்க் குழாயா?

சுவரில் ஈரம் கண்டால் இரண்டையும் பிரித்தறிவதே முதல் வேலை. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் நீர் வரும் குழாயில் கசிவு. மட்டம் அப்படியே இருந்து, குளித்த சில மணி நேரத்தில் மட்டும் சுவர் நனைந்தால், கழிவுநீர்ப் பக்கம்.

மாடிக் குளியலறையாக இருந்தால் இன்னும் ஒரு படி உண்டு. டிராப்பின் வாயைத் துணி சுற்றிய பிளாஸ்டிக்கால் அடைத்து, தரையில் ஓரங்குல நீரை ஒரு நாள் தேக்கிவையுங்கள். கீழ்க்கூரையில் ஈரம் வந்தால் தரையின் பூச்சில் ஓட்டை. வராமல், அடைப்பை எடுத்து நீரை ஓடவிட்ட பிறகு வந்தால் குழாயின் இணைப்பில் ஓட்டை. இதைச் செய்யாமல் தரை முழுவதையும் நீர்க்காப்புச் செய்துவிட்டு, பிறகும் ஒழுகுகிறது என்று வருந்துபவர்கள் பலர்.

9. சம்ப்: தள்ளிப்போடக் கூடாத ஒரே சோதனை

நம் வீடுகளில் தரையடிக் குடிநீர்த் தொட்டியான சம்பும் கழிவுநீர்ச் சேம்பர்களும் ஒரே குறுகிய முன்புறத்தில் அடுத்தடுத்து இருப்பது வழக்கம். கழிவுநீர்க் குழாய் கசிந்து, சம்ப் சுவரிலும் விரிசல் இருந்தால், இரண்டும் மண் வழியாகச் சந்தித்துவிடும். நீர் கலங்கல், சோப்பு நுரை, முட்டை வாடை, வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், காரணம் உறுதியாகும் வரை அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள்.

நீர் தெளிவாக இருப்பது போதாது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும், பிற மாவட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் நீரைப் பரிசோதிக்க முடியும். மாதிரி எடுக்கும் குப்பியை நீங்களாகத் தேர்ந்தெடுக்காமல், அங்கே கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்த பழைய பாட்டிலில் எடுத்துச் சென்றால் முடிவு பாட்டிலைப் பற்றியதாகிவிடும்.

10. மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் கழிவறை பொங்கினால், மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். மாடித் துளையில் நிறநீரை ஊற்றி, கழிவுநீர்ச் சேம்பரில் அது தெரிந்தால், தவறான இணைப்பு. சென்னையில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. மழை நீர் முழுவதும் கழிவுநீர்க் குழாயில் இறங்கினால், அதன் அளவைத் தாங்காமல் எதிர்த்து ஏறும். ‘நீர் வேகமாகப் போகட்டும்’ என்று சேம்பர் மூடியைத் திறந்து தெருவெள்ளத்தை உள்ளே விடுவதும் இதே வகைதான். சுற்றியுள்ள தாழ்வான வீடுகளுக்குள் அது வெளிப்படும்.

மாடிக் குழாய் சரியாக இருந்தும் மழைக்காலத்தில் நீர் ஏறினால், நள்ளிரவில், யாரும் தண்ணீர் புழங்காத வேளையில் 1ஆம் சேம்பரைத் திறந்து பாருங்கள். தெளிந்த நீர் மெல்லியதாக ஓடிக்கொண்டே இருந்தால், உயர்ந்த நிலத்தடி நீர் குழாயின் விரிசல் வழியே உள்ளே வருகிறது. மழையில் உள்ளே வரும் அதே விரிசல் வழியே, கோடையில் கழிவுநீர் வெளியே போகும்.

11. செய்யக் கூடாதவை

ஆசிட் ஊற்றாதீர்கள். வேரையோ துணியையோ அது கரைக்காது. தேங்கி நிற்கும் குழாயில் அது கீழே போகாமல், பின்னால் கம்பி விடுபவரின் கையிலும் முகத்திலும் தெறிக்கும். ஆசிடோடு ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கழிவறைப் பீங்கான் வழியாக இரும்புக் கம்பியைக் குத்தாதீர்கள். வளைவு உடைந்தால், அடைப்பு என்ற சிறு சிக்கல் பீங்கானையே மாற்றும் பெருஞ்செலவாகும். நிரம்பியுள்ள சேம்பரிலிருந்து அடைப்பைக் கீழே தள்ளுவதைவிட, காலியாக உள்ள கீழ்ச்சேம்பரிலிருந்து மேல்நோக்கிக் கம்பி விடுவது நல்லது. அடைப்பு கையருகே வந்து விழும், அதை வெளியே எடுத்துவிடலாம். திறந்ததும் தேங்கிய நீர் வேகமாகப் பாயும் என்பதால் பக்கவாட்டில் நின்றே செய்ய வேண்டும்.

எந்தக் காரணத்துக்காகவும் எந்த ஆளையும் மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்கிற்குள்ளோ இறங்கச் சொல்லாதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி அப்படி இறக்குவதைத் தடைசெய்கிறது, இறக்கிவிட்டவரே குற்றவாளி. ‘அவர் வழக்கமாக இறங்குபவர்தான்’ என்பது சட்டத்துக்கும் பதில் அல்ல, விஷவாயுவுக்கும் பதில் அல்ல.

12. அழைக்கும்போது சொல்ல வேண்டியது

‘டிரைனேஜ் அடைச்சிருக்கு’ என்று மட்டும் சொன்னால், வருபவர் தன் வசதிப்படி தொடங்குவார். ‘1ஆம் சேம்பர் காலி, 2ஆம் சேம்பர் நிரம்பியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவே 12 அடி, மண்குழாய்’ என்று சொல்லுங்கள். அவர் கொண்டுவரும் கருவியும் கேட்கும் கூலியும் அதற்கேற்ப மாறும்.

1ஆம் சேம்பரே நிரம்பியிருந்தால் பிளம்பரை அழைப்பதில் பயனில்லை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணில் புகார் பதிந்து, தெருவில் எத்தனை வீடுகளில் இதே நிலை என்பதையும் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தவுடன் பணம் கொடுத்து அனுப்பிவிடாமல், வந்தவர் இருக்கும்போதே மூன்று வாளி நிறநீரை அடுத்தடுத்து ஊற்றி, ஒவ்வொரு சேம்பரிலும் நிறம் தேங்காமல் கடக்கிறதா என்று இருவருமாகப் பாருங்கள். பிறகு சுவரின் பழைய பிசுக்குக் கோட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மூடியின் உட்புறத்தில் பெயிண்டால் தேதியை எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போது சுவரில் புதிய கோடு விழுந்திருந்தால், அடைப்பு முழுதாக நீங்கவில்லை. அதே ஆளைத் திரும்ப அழைத்து அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.